பச்சை பூசியது நீ

மகனுக்கு,

நீ அடுத்த அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். ஒட்டும் நாடாவை நீ இழுத்துக் கிழிக்கிற சத்தம் இங்கே கேட்கிறது. அதனால் நலமா என்று விசாரிக்க எனக்கு அவசியம் இல்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருப்பவனுக்கு எதற்குக் கடிதம் என்று உன் அம்மா கேட்டாள். நான் வாய் திறந்தால் நீ இப்போதெல்லாம் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு உன் மனைவியின் முகத்தைப் பார்க்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். இதில் ஒரு பிரதியை நம் தமிழ்ச் சங்கத்து மாத இதழுக்கும் கொடுக்கப்போகிறேன். உன் பெயரும் என் பெயரும் அதில் இருக்காது. உனக்குக் கெடுதல் செய்வது என் நோக்கம் இல்லை. ஆனால் நீ சொன்னதைத் தெருவில் வைத்துச் சொன்னாய். அதற்கான பதில் மட்டும் உறைக்குள் ஒளிந்துகொண்டு இருக்க வேண்டியதில்லை.

என் வேலை உனக்குத் தெரியும். இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். விமானத்தில் இருந்து குண்டு போடக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு எடுத்த எடுப்பில் நிஜக் குண்டைக் கொடுத்துவிட மாட்டார்கள். அதே உருவம், அதே கனம், விழுகிற விதமும் அதேதான். உள்ளே வெடிமருந்து மட்டும் இருக்காது. பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு பட்டறையில் அதைச் செய்துகொண்டிருந்தோம். வார்ப்பு இரும்பில் கூடு வரும். அதில் சிமென்ட்டும் இரும்புத் தூளும் குழைத்து அடைத்து, வால் தகடு பொருத்தி, வண்ணம் அடித்து, எழுத்து போட்டு அனுப்புவோம். டம்மி என்று கூப்பிடுவோம். நான் சிமென்ட் குழைக்கிற ஆளாகத்தான் உள்ளே போனேன். பள்ளிக்கூடத்தை வெளியில் இருந்தே அதிகம் பார்த்தவன் நான். இங்கிலீஷ் எழுத்தை டம்மியில் எழுத்துப் போடுகிற தகர அச்சுகளைப் பார்த்துத்தான் கற்றேன். பிறகு வண்ணமும் எழுத்தும் என் பொறுப்புக்கு வந்தன. ஓய்வு பெறுகிற வரை அதுதான் என் வேலை. அத்தனை டம்மிகளை அனுப்பியிருக்கிறேன், ஒன்றுகூட விழுந்து நான் பார்த்ததில்லை. எங்கே விழுந்தன, யார் கற்றுக்கொண்டார்கள் என்று யாரும் வந்து சொன்னதும் இல்லை.

எங்கள் டம்மிக்கு நீல வண்ணம். நிஜக் குண்டுக்குப் பச்சை உடம்பு, அதைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம். வண்ணப் பகுதிக்கு என்னை மாற்றிய அன்று மேஸ்திரி சொன்னது எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. "ஏம்ப்பா, சிமென்ட்ட தப்பா போட்டா ஒடச்சிட்டு திருப்பிப் போட்டுக்கலாம். கலர தப்பா போட்டா என்னா ஆவும் தெரியுமா? ஓடவேண்டியவன் பக்கத்துல குந்திக்கினு பீடி பத்த வெப்பான். சும்மா நிக்க வேண்டியவன் ஓடுவான். வெளிய இருந்து பாக்கறவனுக்கு உள்ள இன்னா கீதுன்னு எப்படித் தெரியும்? நீ பூசறததான் அவன் நம்புவான்." நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். வேறு எந்த வேதமும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வருடத்துக்கு ஒரு முறை ஆயுத பூஜை அன்று நீல டம்மிகளை வரிசையாக நிறுத்திச் சந்தனம் குங்குமம் வைப்போம். பூசணிக்காய் உடைக்கும்போது கூடு கழுவுகிற முனியப்பா கண்ணை மூடிக்கொண்டு உரக்க வேண்டுவான், "சாமி, வெடிக்காம பாத்துக்கோ." மற்றவர்கள் சிரிப்பார்கள். "வெடிக்காத குண்டுக்கு எதுக்குடா வேண்டுதல்?" என்று ஒருவன் கேட்டால், "வெடிக்காத வரைக்கும்தான்டா நமக்குச் சோறு" என்பான். வார்ப்பில் கீறல் விழுந்து கழித்துப்போட்ட கூடுகளை, கேட்டில் சீட்டு வாங்கிக்கொண்டு, ஆட்கள் வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கமாக இருந்தது. துணிக் கம்பத்துக்குக் கனமாக வைப்பார்கள், ஆடு கட்டுவார்கள், கதவுக்கு முட்டுக் கொடுப்பார்கள். ஜீவனஹள்ளியில் நம் வீடு தெரு முனையில் இருப்பதால் திரும்புகிற ஆட்டோ எல்லாம் சுவரைச் சீவிக்கொண்டு போகும். நான் ஒரு டம்மியைக் கொண்டுவந்து சிமென்ட் அடைத்து, மூக்கு கீழே இருக்கும்படி பாதி உடம்பைப் புதைத்து, வாலில்லாத பின்பக்கம் மேலே தெரியும்படி அந்த முனையில் நட்டேன். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே அது அங்கே நின்றது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நான் அதற்கு நீலம் பூசினேன். அது டம்மி என்று இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவனுக்கு நீலம் சொல்லும்.

பிறகு நீ புது கேட் போட்டாய். கேட்டுக்கு வாங்கிய பச்சை வண்ணம் டப்பாவில் மிச்சம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வெளியே வந்தபோது நீ குந்தி உட்கார்ந்து பாதி பூசிவிட்டிருந்தாய்.

"கேட்டுக்கு மேட்ச்சா இருக்குல்லப்பா?"

"நீலத்த மாத்தாதடா."

"கலர்ல என்னப்பா இருக்கு? உள்ள சிமென்ட்தான?"

கொஞ்ச நாள் கழித்து, சாப்பாடு கொண்டுவந்த பையன் ஒருவன் வண்டியை அதில் மோதிவிட்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டு போனான். விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியட்டும் என்று நீ அதன் மேல் பாகத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் பட்டையும் அடித்தாய். கடையில் கேட்டு, மின்னுகிற மஞ்சளாகவே வாங்கிவந்தாய். அந்த டம்மியை நீ உன் கையாலேயே நிஜக் குண்டாக மாற்றிவிட்டாய். நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை சொன்னதை மறுமுறை சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. மறுநாளே நானே நீலத்தைத் திருப்பிப் பூசியிருக்கலாம், பூசாதது என் தப்பு என்று உன் அம்மா சொல்கிறாள். உணர்ந்து மாற்ற வேண்டியவன் நீ. இன்றைக்கும் நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

சாக்கடைக்குத் தோண்ட வந்த இயந்திரம் முனையில் மண்ணை வாரியதும் அதன் முழு உடம்பும் வெளியே வந்தது. எதிர்வீட்டு மாடிக்குப் புதிதாகக் குடிவந்த முன்னாள் ராணுவக்காரர் பால் வாங்க இறங்கியவர், அதைப் பார்த்ததும் இயந்திரக்காரனைச் சட்டையைப் பிடித்துக் கீழே இறக்கினார். எல்லோரையும் விரட்டிவிட்டுப் போலீசுக்குப் போன் செய்தார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வண்ணத்தைக் கண்டால் அப்படிச் செய் என்றுதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தெருவில் கயிறு கட்டினார்கள். மணல் மூட்டை வந்தது. போலீஸ் நாய் வந்து முகர்ந்து பார்த்துக் கொட்டாவி விட்டுவிட்டுத் திரும்பிப் போனது. பஞ்சர் கடை கவுஸ் பாய் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துக் கத்தினார், "அரே பெரியவரே, உங்க வூட்டு குண்டுக்கு என் கடை ஷட்டர எறக்க வெச்சிட்டாங்களே. பிரியாணிக்குச் சொல்லிட்டுப் போங்க." தெருவே சிரித்தது. அப்போது நான் இந்தத் தெருவில் கேலி செய்யத் தகுந்த மனிதனாக இருந்தேன்.

நான் இன்ஸ்பெக்டரிடம் போய் இது டம்மி, நான் வேலை செய்த பட்டறையின் சரக்கு, உள்ளே சிமென்ட் என்று கன்னடத்தில் சொன்னேன். அவர் காது கொடுத்துக் கேட்டார். நிஜக் குண்டு மாதிரி வண்ணம் அடித்தது யார், எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் பதில் சொல்ல வாய் எடுத்த நேரத்தில்தான் நீ ஆபீஸில் இருந்து ஓடிவந்தாய். கனடாவுக்கு விசா கேட்டு, போலீஸ் சான்றிதழுக்கு மனுக் கொடுத்திருந்த நேரம் அது. நீ என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்றாய். "சார், எங்கப்பாவுக்கு ஞாபகம் சரியில்ல சார். வயசாயிடுச்சு. அவரே ஏதாவது டப்பாவ எடுத்து எதுலயாவது பூசிட்டு இருப்பாரு. மனசுல வெச்சுக்காதீங்க சார்."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். அதுவரை என்னிடம் ஒரு மனிதனிடம் பேசுகிற குரலில் பேசிக்கொண்டிருந்தவர், குரலை மாற்றிக்கொண்டு, "அஜ்ஜா, ஊட்டா ஆய்த்தா?" என்றார். சாப்பிட்டாயா தாத்தா என்று கேட்டார். நல்ல மனிதர், அன்பாகத்தான் கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ இன்ஸ்பெக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். வாயை மூடிக்கொண்டேன். அந்த இடத்தில் நான் உனக்கு எதைக் கொடுத்தேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பினேன். அவர்கள் அதில் துளை போட்டார்கள், சிமென்ட் தூள் கொட்டியது, சிரித்துவிட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்த நேரத்துல எனக்கு வேற வழி தெரியலப்பா" என்றாய். நான் தலையாட்டினேன். அதோடு முடிந்தது என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முடியவில்லை. மறுநாள் பால் பூத்துக்காரன், பாக்கெட்டை என் கையில் கொடுக்காமல் "வூட்டுக்கு அனுப்புறேன் தாத்தா, நீங்க பாத்துப் போங்க" என்றான். கவுஸ் பாய் என்னைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். காது கேட்காதவனிடம் பேசுவதுபோல ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசுகிறார். காய் வாங்கப் போனவனை யாரோ ஒரு பெண் கையைப் பிடித்து நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். வழி எனக்குத் தெரியும் என்று நான் சொன்னதற்கு, "தெரியும் தெரியும், வாங்க" என்றாள். நினைவு இருக்கிறது என்று நிரூபிக்க என்ன சொன்னாலும் அது நினைவு இல்லாதவன் சொல்கிற பேச்சாகிவிடுகிறது. கோபப்பட்டால் அதுவும் நோயின் கணக்கில் சேர்கிறது. நீ என்மேல் ஒரு வண்ணம் பூசினாய். தெருவில் எல்லோரும் அதைப் பார்த்து நடந்துகொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

உன் அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டே, "பைத்தியம்னு ஒரு வார்த்த சொல்லிட்டான், இருந்துட்டுப் போயேன்யா. புள்ள பொழச்சிக்கினான் இல்ல?" என்றாள். நீ இருந்து பார் என்றேன். "உன்கூட இத்தினி வருஷம் குடும்பம் பண்ணேனே, அது இன்னான்னு நெனச்ச?" என்றாள். அவள் ஒருத்திதான் இன்னும் என்னோடு பழையபடி சண்டை போடுகிறாள். அவளும் இப்போது படுக்கப்போகும் முன் கேஸ் மூடியிருக்கிறதா என்று எனக்குத் தெரியாமல் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

ஸ்கூல் பஸ்ஸில் இருந்து உன் மகளை அழைத்துவருவது என் வேலை. உன் மனைவி அதை வாங்கிக்கொண்டாள். வெயிலாக இருக்கிறது மாமா, நானே போகிறேன் என்றாள். அன்றைக்கு வெயிலே இல்லை. போன வாரம் குழந்தை என் மடியில் ஏறி உட்கார்ந்து, "தாத்தா, நான் யாருன்னு சொல்லு?" என்றாள். விளையாட்டு என்று நினைத்துப் பெயரைச் சொன்னேன். அவள் இறங்கி உள்ளே ஓடி, "அம்மா, இன்னிக்குத் தாத்தாவுக்குத் தெரியுது" என்றாள். இதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் மேலே ஒன்று நடந்தது. ஒரு நாள் காலையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நீ எதிரே வந்து நின்று, சும்மா கேட்பதுபோல, "அப்பா, இன்னிக்கு என்ன கிழமை?" என்றாய். கையில் பேப்பர் வைத்திருப்பவனிடம் கேட்கிறாய். நான் உன்னை நிமிர்ந்து பார்த்தேன். உன் முகத்தில் பொய் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள நினைத்தாய். நான் பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாய். அந்தச் சின்ன டாக்டர் படங்களைக் காட்டி இது என்ன, அது என்ன, இது எந்த ஊர் என்று பொறுமையாகக் கேட்டார். "மொதல்ல என் பையன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். அப்புறம் நான் சொல்றேன்" என்றேன். என்ன கேள்வி என்று அவர் கேட்டார். பச்சை பூசியது யார் என்றேன். அவர் உன்னைப் பார்த்தார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அவர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டி ஏற்றிக்கொண்டார். திரும்பி வரும்போது ஆட்டோவில் நீ வெளியே பார்த்துக்கொண்டு அழுதாய். மாட்டிக்கொண்டதற்கு அழுகிறாய் என்று முதலில் நினைத்தேன். வீடு வருவதற்குள் புரிந்துவிட்டது. அப்பாவுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று அழுதாய். உன்னையே நீ நம்பவைத்துவிட்டாய். அன்றைக்குத்தான் எனக்கு முதல் முதலாகப் பயம் வந்தது.

டாக்டர் கேட்டதற்குப் பதில் சொல்லியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்குமே என்று நீ கேட்கலாம். தீர்ந்திருக்காது. தேர்வில் தேறினேன் என்றுதான் ஆகியிருக்கும். நான் எதற்குத் தேர்வு எழுத வேண்டும்? தப்பாகப் பூசியவன் சுரண்ட வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் காலையில் கண் விழித்ததும் எழுந்திருக்காமல் படுத்தபடியே என்னை நானே சோதித்துப் பார்க்கிறேன். கிழமை, தேதி, உன் மகள் பெயர், பட்டறையில் என்னோடு இருந்தவர்கள் பெயர். ஒரு நாள் மேஸ்திரியின் பெயர் வரவில்லை. அவர் குரல் வந்தது, பீடி நாற்றம் வந்தது, பெயர் வரவில்லை. மத்தியானம் வரை வரவில்லை. இந்த வயதில் யாருக்கும் வருகிற மறதிதான். நீ அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அதைக் கவனித்தேகூட இருக்க மாட்டேன்.

நீ தூர தேசத்துக்குப் போகிறாய். அப்பன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பயத்தில் மனிதன் பொய் சொல்வான். உன் மகளும் ஒரு நாள் சொல்வாள். அடிக்காதே. ஆனால் யாரைப் பற்றிச் சொன்னாளோ அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, பயம் போனவுடனே திருத்தச் சொல். தள்ளிப்போட்டால் காய்ந்துவிடும். காய்ந்த பிறகு சுரண்டினால் அடியில் இருப்பதும் சேர்ந்துதான் வரும். வண்ணம் அடித்தே வாழ்ந்தவன் சொல்கிறேன்.

நீ போன பிறகு என்னைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை அமர்த்தியிருக்கிறாய். அவனிடம் என்னைப் பற்றி நீ என்ன சொல்லிவிட்டுப் போவாயோ அதுதான் இனி நான். இங்கே இருந்து மறுத்துப் பேச நான் இருப்பேன், ஆனால் என் பேச்சைத்தான் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்களே. அதனால் நீ விமானம் ஏறுவதற்கு முன் இது முடிய வேண்டும். ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லவில்லை. உன் விசாவுக்கு இடைஞ்சல் வருகிற எதையும் நான் கேட்கவில்லை. கவுஸ் பாயிடம்கூட நீ சொல்ல வேண்டாம், என் கேலியை நான் சண்டை போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வேன். உன் மகளிடம் சொல். அவளை உட்காரவைத்து, பச்சை பூசியது நான், தாத்தா வேண்டாம் என்று சொன்னார், அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது, நான் பயந்துபோய் மாற்றிச் சொன்னேன் என்று உன் வாயால் சொல். நான் பக்கத்தில் இருக்க வேண்டும். அவள் குழந்தை, மறந்துபோவாள் என்று சொல்லாதே. தாத்தாவுக்குப் புத்தி போய்விட்டது என்ற நினைப்போடு அவள் அங்கே போய் வளர்ந்தால், அவளுக்கு என்னிடம் இருந்து வேறு எதுவும் போய்ச் சேராது.

சொன்னால், ஏர்போர்ட்டுக்கு வருகிறேன், உன் பெட்டியை நானே தூக்குகிறேன். சொல்லாவிட்டால் நான் அறையை விட்டு வெளியே வர மாட்டேன். உன் அம்மா அழுவாள், வெளியே ஆட்டோக்காரன் ஹாரன் அடிப்பான், எதற்கும் வர மாட்டேன். அப்போது வழியனுப்ப வந்தவர்களில் யாராவது, அப்பா எங்கே என்று கேட்பார்கள். அவருக்கு நினைவு தப்பிவிட்டது என்று மட்டும் சொல்லாதே. என்மேல் கோபமாக இருக்கிறார் என்று சொல்.